மூன்றாவது டம்ளர்

காலை ஏழரைக்குத் திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பை வாசலில் விட்டதும், தங்கமாரி அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு டம்ளரை எண்ணுவாள். வீட்டுக்காரி தீபலட்சுமி அரிசி அளப்பாள். ஒன்று, இரண்டு. புருஷன், பெண்டாட்டி, பாப்பா மூவருக்கும் அது சரி. டப்பா மூடிக்கொள்ளும். தங்கமாரி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

அருப்புக்கோட்டையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த மூன்றாவது வீடு இது. எந்த அழுகை பசி, எந்த அழுகை வீம்பு என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடும் கெட்டிக்காரி. சோறு ஊட்டக் கதை சொல்வாள். காக்கா, நரி எல்லாம் கிடையாது. காரியாபட்டி பஸ்ஸில் சீட்டுக்கு நடந்த சண்டைதான் கதை. இரண்டு வயதுப் பாப்பா வாயைப் பிளந்து கேட்கும். அந்நேரம் பருப்புச்சோறு உள்ளே போகும்.

மதியம் தீபலட்சுமியும் புருஷன் ராம்குமாரும் ஜவுளிக்கடையிலிருந்து வந்து சாப்பிட்டு எழுந்ததும் அந்தக் கேள்வி வரும். "அக்கா, மிச்சம் இருக்கு, சாப்பிடுறீங்களா?"

"வேணாந்தாயி, வயிறு திம்முனு இருக்கு." பிறகு கொல்லைப்படியில் உட்கார்ந்து, கொண்டுவந்த புளிச்சோற்றைத் தின்பாள். சாயங்கால பஸ்ஸில் பக்கத்து சீட்டு முருகலட்சுமியிடம்தான் வாய் திறப்பாள்: "மிச்சம் இல்லாத அன்னைக்கு நான் ஆளு இல்லையா?"

முந்தைய இரண்டு வீடுகளையும் இதற்காகத்தான் விட்டாள். கேட்டவர்களிடம் பஸ் சரியில்லை என்றாள். இந்த வீட்டை விட மனசு வரவில்லை. பாப்பா 'தங்கா' என்று கூப்பிடுகிறது, தூக்கத்திலும் கூப்பிடுகிறதாம்.

தீபலட்சுமி கல்நெஞ்சக்காரி இல்லை. அக்காவின் சோறு ஆறிப்போகிறதே என்று யோசித்து, பொங்கலுக்கு மூன்றடுக்கு ஹாட்பாக்ஸ் வாங்கிக் கொடுத்தாள். தங்கமாரி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "பொட்டி பவுசாத்தான் இருக்கு. அவுக வீட்டுச் சோறுதான் இல்லை" என்றாள் முருகலட்சுமியிடம்.

மறுநாள் காலை. ஒன்று, இரண்டு. தீபலட்சுமியின் கை மூடிக்குப் போனது.

"தாயி, மிச்சமானாத் தர வேணாம். அளக்கையில என்னையும் ஒரு ஆளாச் சேத்து அளங்க. இல்லைன்னா இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, பயமாக இருந்தது. இடுப்பிலிருந்த பாப்பாவை இறுக்கிக்கொண்டாள்.

தீபலட்சுமி கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். "இத்தனை நாளும் இதுதானாக்கா?" என்று கேட்டுவிட்டு, அதை மறுபடி அரிசிக்குள் விட்டாள்.

அரிசி களைந்து குக்கருக்கு வந்ததும், தங்கமாரி ஒரு கையால் டம்ளரை வாங்கித் தண்ணீரைத் தானே ஊற்றினாள். வழக்கமான நாலோடு நிறுத்தவில்லை. ஆறு.