பச்சைக் கதவு

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பது பலருக்கும் பழக்கம்தான். ஆனால் 2005-இல் ஒரகடத்தில் எனக்கு நடந்த இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

நான் வெல்டர். பேய்க்குப் பயந்தவன் இல்லை, சூப்பர்வைசருக்குத்தான் பயம். ஒரு புதுத் தொழிற்சாலையின் முகப்பில் வைக்கச் சென்னையிலிருந்து வந்த சிற்பி ஒருவர், சாலைக்காக இடித்த வீடுகளின் கதவுகளை வாங்கி, நிலையோடு முதுகுக்கு முதுகாக நிறுத்திக் கோபுரம் செய்தார். வீட்டின் உள்பக்கம்தான் வெளியே தெரிய வேண்டுமாம். நடுவில் நாலு விரல் இடைவெளி. ஒரு பச்சைக் கதவின் கீழ்ப்பாதி முழுக்கக் கீறல். அதைத் தடவித் தடவி ரசித்தார்.

"தாழ்ப்பாளுக்கெல்லாம் வெல்டு வச்சிடுங்க நம்பிராஜன். திறந்தா அது வெறும் கதவு. திறக்காட்டிதான் சிற்பம்."

வைத்தேன். மறுநாள் விழா. ஒழுங்காக முடிந்தால் என் வேலை நிரந்தரம்.

மாலை ஆறரை. கரண்ட் போனது. எல்லாரும் டீக்குப் போய்விட்டார்கள்.

டக்... டக்...

பச்சைக் கதவு. முழங்கால் உயரத்தில் சத்தம்.

"எலி" என்றேன், உரக்க. எலிக்கும் தெரியட்டுமே.

மண்ணெண்ணெய் வாடை. கதவில் கை வைத்தேன். சுட்டது. வெல்டு வைத்ததோ காலையில்.

"யக்கா... தொற..."

பெண் குரல். நாலு விரல் இடைவெளிக்குள்ளிருந்து.

"யாரு தாயி உள்ள?"

"மூச்சு முட்டுதுக்கா..."

ஓடத்தான் திரும்பினேன். அந்தக் குரல் இருமியது. சின்னப் பிள்ளை இருமுவதுபோல.

வெல்டை உடைத்தால் வேலை போகும்.

சுத்தியலை எடுத்தேன்.

அடித்தேன். உள்ளே கீறும் சத்தம். வேகமாக...

"பொறு தாயி... இந்தா வந்துட்டேன்..."

அடித்தேன்.

கீறல் மெதுவானது...

நின்றது.

தாழ்ப்பாள் தெறித்தது. கதவை இழுத்தேன்.

அடுத்த கதவின் முதுகு. வேறொன்றும் இல்லை.

சூடான காற்று மட்டும் என் முகத்தை உரசிக்கொண்டு போனது. கேட் பக்கமாக.

மறுநாள் காலையிலேயே என்னை அனுப்பிவிட்டார்கள். பையோடு கேட்டில் நின்றபோது, அங்கே பெருக்கும் முனியம்மாள் அக்கா என் கையைப் பிடித்தார். பக்கத்து ஊர்க்காரர்.

"அந்தப் பச்சக் கதவ நீயாப்பா தொறந்த?"

"ஆமாக்கா. நேத்து சாயங்காலம்."

"எங்க பழைய வூட்டுக் கதவு அது. ஸ்டவ் வெடிச்சி, என் தங்கச்சி கலைமணி உள்ளயே... தாழ்ப்பா சிக்கிகிச்சி. அந்தக் கீறல்லாம் அவ நகம்பா."

பையைக் கீழே வைத்தேன்.

"நேத்து ஏழு மணிக்கு எங்க வூட்டாண்ட வந்து தட்னா. 'யக்கா தொற'ன்னா."

"தொறந்தீகளாக்கா?"

அக்கா என் கையை விட்டார்.

"பயத்துல... தாழ்ப்பா போட்டுட்டேன்பா."

அவரோடு போய்ப் பார்த்தேன். புதுத் தகரக் கதவு. முழங்கால் உயரத்தில், வெளிப்பக்கம்...

கீறல்கள்.