பிழைதிருத்துபவரின் மூன்று சதவீதம்

மனிதர்கள் உழைக்கிறார்களா என்பதை இயந்திரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்னும் எண்ணம் எங்கள் முதலாளிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை உதித்தது. திங்கட்கிழமை வரை அவர் மனிதர்களையே கேட்டு வந்தார். அது போதுமானதாகவும் இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதியை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம் இயங்குகிறது. அயல்நாட்டுப் பதிப்பகங்களின் பாடநூல்களுக்குப் பக்கம் அமைத்து அனுப்புவது அங்கு நடக்கும் தொழில். கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்பு எழுதி ஓய்வு பெற்ற நான், அதன் பிறகே கணினி நிரல் எழுதக் கற்றேன். எனக்கு ஆசிரியர் என்று எவரும் இல்லை. ஆதலால் என் தவறுகளுக்கு வேறு எவரையும் பொறுப்பாக்க வழியும் இல்லை. அவ்வலுவலகத்தின் கணினிகளைப் பேணும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

அந்தச் செவ்வாயன்று முதலாளி திருச்சியில் ஏதோ ஒரு விடுதியில் நடந்த தொழில்முனைவோர் கூட்டத்துக்குப் போய் வந்திருந்தார். அங்கே ஒருவர் வண்ண வண்ணக் கோடுகள் நிறைந்த படம் ஒன்றைத் திரையில் காட்டினாராம். அக்கோடுகள் முதலாளியின் கண்ணை விட்டு அகலவில்லை.

"சார், ஒவ்வொரு சிஸ்டமும் எவ்வளவு வேலை செய்யுதுன்னு என் ஸ்க்ரீன்ல தெரியணும். முடியுமா?"

"சிஸ்டம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டலாம் சார். ஆள் எவ்வளவு வேலை செய்யறாங்கன்னு அது காட்டாது."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. இந்த வயதில் என்னிடம் ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்து தரக் கேட்கிறார் என்ற மகிழ்ச்சி வாயை அடைத்துவிட்டது. அந்த மௌனத்தை அடக்கம் என்று பிறர் கருதக்கூடும். அது ஆசை.

எங்கள் கூடத்தில் மூன்று சாதிக் கணினிகள் இருந்தன. பெரும்பாலானவை விண்டோஸ். கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி லினக்ஸ். முதலாளியின் கண்ணாடி அறையில் ஒரு மேக் இருந்தது. வருகிறவர்கள் பார்ப்பதற்காக அது மேசை நடுவே வீற்றிருந்தது. மூன்றும் தத்தம் வயிற்றுக்குள் நடப்பதை வெவ்வேறு விதமாகச் சொல்பவை. ஆனால் முகம் தெரியாத சிலர் எழுதி, எவர் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்று இணையத்தில் வைத்திருக்கும் ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல்தொகுப்பு, உண்டு. நாம் ஒரே விதமாகக் கேட்டால் போதும். அந்தந்த இயந்திரத்தை அதனதன் மொழியில் விசாரித்து, மூளை எத்தனை சதவீதம் உழைக்கிறது, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எந்தெந்த வேலைகள் ஓடுகின்றன என்று அது வந்து சொல்லும். மூன்று சாதிக்கும் ஒரே நிரல், இருபது வரிகளுக்குள். நான் கண்ட அரசு அலுவலகங்களில் ஒரே கேள்விக்கு மூன்று மேசைகளிலிருந்து ஒரே பதிலைப் பெற்றவர் எவரும் இல்லை. அந்த லைப்ரரியை எழுதியவர்களை மனதாரக் கும்பிட்டுவிட்டே நான் தொடங்கினேன்.

முதல் நாள் எல்லாக் கணினிகளுக்கும் பூஜ்யம் என்று காட்டிற்று.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நான் சொல்லல? ஒருத்தர் கூட வேலை செய்யல பாருங்க!"

விரலைத் திரையில் ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு வந்தவர் கடைசி வரியில் நின்றார். அது அவருடைய மேக். அதற்கும் பூஜ்யம்.

"என்னோடதும் ஜீரோவா? அப்ப உங்க ப்ரோக்ராம்லதான் சார் ஏதோ தப்பு."

தப்பு இருந்தது உண்மை. அது எப்படிப்பட்ட தப்பு என்பதுதான் விந்தை. அந்த லைப்ரரியை முதன்முறை கேட்டால் பூஜ்யம் என்றே சொல்லும். உழைப்பு என்பது இரண்டு கணங்களுக்கு இடையே அளக்கப்படுவது. முதல் கணத்தில் ஒப்பிட வேறொன்று இல்லை. ஆகவே முதல் விடையைத் தள்ளிவிட்டு, சற்றுப் பொறுத்து, இரண்டாம் முறை கேட்க வேண்டும். இதைச் செய்முறைக் குறிப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நான் அவசரத்தில் படிக்காமல் விட்டேன். நிரலைத் திருத்த எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் முறை கேட்கும் வழக்கம் இல்லாத முதலாளியைத் திருத்த என்னிடம் லைப்ரரி இல்லை.

மறுநாள் எண்கள் வரத் தொடங்கின. முதலிடத்தில் எங்கள் வடிவமைப்பாளர், மொத்தக் கணக்கில் ஐம்பது சதவீதம். சமயபுரத்திலிருந்து வருபவர். அவருடைய கணினியில் ஒரே ஒரு வேலை மட்டும் நூற்று எண்பது சதவீதம் என்று நின்றது. கணினியின் மூளைக்குள் பல பிரிவுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நூறு, ஆகவே கூட்டினால் நூறைத் தாண்டும் என்று நான் விளக்க முனைந்தேன். முதலாளியின் காதில் அது விழவில்லை.

"நூத்தி எண்பது பர்சன்ட்! பாத்தீங்களா, மனுஷன் எப்படி உழைக்கறான்!"

அந்த வேலை என்னவென்பதை நான் அறிவேன். நேரலையில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட் ஆட்டம் அது. பக்க வடிவத்தின் பின்னால் சிறிய சன்னலில் அவர் அதை ஒளித்து வைத்திருந்தார்.

கடைசி இடத்தில் எங்கள் பிழைதிருத்துபவர். ஐம்பதைத் தொட்ட அம்மையார். நாள்தோறும் காலை முசிறியிலிருந்து பஸ் ஏறி வருபவர். அவருடைய எண் மூன்று.

அவர் வேலை செய்யும் விதம் அப்படிப்பட்டது. ஒரு பக்கத்தைத் திரையில் வைத்தால் கால் மணி நேரம் விசைப்பலகையைத் தொடமாட்டார். கண் மட்டும் இறங்கிக்கொண்டே வரும். உயிரியல் புத்தகம் ஒன்றில் இதயத்தின் படம் இடம் வலம் மாறி அச்சுக்குப் போகவிருந்ததை நிறுத்தியவர் அவர்தான். அதற்கு முன் நான்கு பேர் அந்தப் பக்கத்தை முழு வேகத்தில் கடந்திருந்தார்கள்.

முதலாளி அவரைக் கண்ணாடி அறைக்கு அழைத்தார். கதவு திறந்தே இருந்தது.

"அம்மா, உங்களுக்கு மூணு பர்சன்ட்தான் காட்டுதே?"

"படிச்சிட்டு இருந்தேங்க சார்."

"படிச்சா காட்டணுமே?"

முதலாளி மேசை நாட்காட்டியைத் தம் பக்கம் திருப்பினார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேம்மா. இப்படியே இருந்தா வேற ஆளைத்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க, நான் சொல்லல, சிஸ்டம் சொல்லுது."

வெளியே வந்தவர் என் மேசையருகே நின்றார். எண்ணைக் காட்டும் நிரல் என்னுடையது என்று அவருக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதுவே எனக்குச் சுருக்கென்றது.

"ஐயா, இந்த வேலை போச்சுன்னா முசிறியில நான் எதைத் திருத்தறது? வாழைத்தாரையா?"

நான் அன்று மாலையே ஒரு காரியம் செய்தேன். அதைப் பெருமையோடு சொல்ல முடியாது. எனினும் மறைப்பதும் முறையன்று. பகா எண்களை ஒன்று விடாமல் தேடிக்கொண்டே இருக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி, அவ்வம்மையாரின் கணினியில் ஓடவிட்டேன். அந்த எண்களால் எவருக்கும் பயன் இல்லை. கண்டுபிடித்த மறுகணமே அவற்றை எறிந்துவிட்டு அடுத்ததைத் தேடப் போகும். எங்கள் அலுவலகத்தில் அதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை.

மறுநாள் அவருடைய எண் தொண்ணூற்றைந்து. ஆனால் பதினொரு மணிக்கெல்லாம் அவர் முகம் சுருங்கிப் போய் வந்தார்.

"ஐயா, உள்ள இருக்கற ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துது. ஒரு வரி படிக்க முடியல."

"நிறுத்தினா மூணுக்கு இறங்கிடும்மா."

சற்று யோசித்தார். பிறகு தம் பக்கங்களைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு, பென்சிலோடு சன்னலோர மேசைக்குப் போய்விட்டார். அன்று முதல் அவர் அங்கே படித்தார். அவருடைய கணினி ஆளில்லாத இருக்கையின் முன் அவருக்காக உழைத்தது.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், முதலாளி அவரை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். "எப்படி மாறிட்டாங்க பாருங்க. எல்லாரும் இந்தம்மா மாதிரி இருக்கணும்." கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றும் வழங்கப்பட்டது. நான் கைதட்டினேன். தட்டாமல் இருந்திருந்தால் காரணம் கேட்டிருப்பார்கள்.

இரண்டாம் இடத்துக்கு இறங்கிய வடிவமைப்பாளர், கூட்டம் கலைந்ததும் அவரை விடவில்லை. "அக்கா, உங்க சிஸ்டத்துல அப்படி என்னத்த அரைக்கறீங்க?"

"உன் வயித்தெரிச்சலைத்தான் தம்பி."

அது வெயில் உச்சத்தில் இருந்த காலம். எங்கள் மாடிக்கு மேலே வெறும் தளம்தான். மாதம் முடிய நான்கு நாட்கள் இருக்கையில், பகா எண்களைத் தேடிக் களைத்த அந்தக் கணினி நண்பகலில் உயிரை விட்டது. முதலாளியின் திரையில் ஒரு வரி சிவப்பாயிற்று. அவர் கண்ணாடி அறையிலிருந்து வேகமாக வெளிவந்து, கூடத்தின் நடுவில் நின்று என்னைக் கேட்டார்:

"அந்தம்மா இன்னைக்கு லீவா சார்?"

அவருக்கு நான்கடி தூரத்தில், சன்னலோரத்தில், பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமலே அம்மையார் சொன்னார்: "இங்கதாங்க சார் இருக்கேன்."

முதலாளி அவரை நன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியே தம் திரையையும் பார்த்தார்.

"காட்டலையே?"

இனிப் பொறுப்பதில் பொருள் இல்லை என்று எழுந்தேன். பகா எண்கள், தொண்ணூற்றைந்து, சான்றிதழ், அதற்கு முந்தைய நூற்று எண்பதும் கிரிக்கெட்டும், எல்லாவற்றையும் ஒளிவின்றிச் சொன்னேன். படிப்பதற்கு இயந்திரத்தின் மூளை வேண்டியதில்லை, படிப்பவரின் மூளை போதும் என்றும் சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்து மூக்குக்கண்ணாடிக் கூட்டைச் சட்டைப்பையில் எடுத்து வைத்தும் கொண்டேன்.

முதலாளியின் முகத்தில் வெட்கம் வருவதாக நான் எண்ணினேன். வந்தது வேறு.

"சார், க்ளையன்ட் இந்த மாசத்துலேருந்து இதே ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லி மெயில் போட்டிருக்கான். அந்த ப்ரைம் நம்பர் ப்ரோக்ராமை எல்லா சிஸ்டத்துலயும் போட முடியுமா? லினக்ஸ், மேக் எல்லாத்துலயும் ஓடும்ல?"

ஓடும். அதுவும் ஒரே நிரல்தான்.

இப்பொழுது எங்கள் கூடத்தில் பன்னிரண்டு விசிறிகள் ஒன்றாய் ஓலமிடுகின்றன. எல்லா வரிகளும் பச்சை. அயல்நாட்டிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்து, சான்றிதழுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பழுது பார்த்து மீண்ட கணினியில் அந்நிரலைப் போட வேண்டாம் என்று அம்மையார் கேட்டுக்கொண்டார். போடவில்லை. கூடவே, கண்காணிக்கப்படும் கணினிகளின் பட்டியலிலிருந்து அதன் பெயரையும் நீக்கினேன். முதலாளி சிவப்பு வரிகளைத்தான் தேடுவார். இல்லாத வரிக்கு நிறம் இல்லை.

சென்ற வாரம் ஒருநாள் அம்மையாரின் மேசைப் பக்கம் போனேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஏதோ ஒரு வேதியியல் புத்தகத்தில் ஆழ்ந்திருந்தார். நிழல் விழுந்ததும் ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தார்.

"மாசக் கடைசி வந்துருச்சாங்க ஐயா?"

"வந்து போய் ஆறு நாள் ஆச்சும்மா."

"அப்படியா," என்று பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.