சொல்லாதவனும் சொல்லித் தீராதவனும்

பம்பாய் ரேடியோ கம்பெனியில் சேர்ந்த புதிதில், தினமும் மாலை வாசலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பேன். காவல்காரன் முதல் நாள் பயந்தான். மறுநாள், மதராசிகள் இப்படித்தான் விடைபெறுவார்கள் போலும் என்று அவனும் தூக்கினான். முன்பு வேலை பார்த்த பூனா பட்டாளத் தொழிற்சாலையில் உடம்பைத் தடவிச் சோதிக்காமல் எவரையும் வெளியே விடமாட்டார்கள், அந்தப் பழக்கம். அங்கே பக்கத்து மேசைக்காரனின் வேலையைக் கேட்பதே குற்றம். என் வேலையே எனக்குத் தெரியாது. பித்தளை வளையம் கடைந்தேன், அது எதில் போய் உட்கார்ந்ததோ! இங்கேயோ முதலாளி மேசை மேசையாக வந்து, "புதிதாக என்ன தோன்றியது, சொல்" என்கிறார். வாய் திறக்காதவனுக்கு வேலை இல்லை. ஊருக்குப் போனால் எல்லோரிடமும் ரேடியோவைப் பற்றிப் பேசு, அதுதான் விளம்பரம் என்பார்.

இந்த இரண்டு கம்பெனிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என் கல்யாணம். பூனாவில் இருந்தபோது என் ஊர்ப்பக்கம், கோட்டாற்றில், பகவதியைப் பெண் பார்க்கப் போனேன். அவள் அப்பா மளிகைக்கடைக்காரர்.

"தம்பிக்கு அங்க என்ன சோலி?"

"சொல்லக்கூடாது."

"துப்பாக்கி செய்யுதியளோ?"

"சொல்லக்கூடாது."

"பின்ன, கள்ளநோட்டா?"

அதற்கும் அதே பதிலைச் சொல்லித் தொலைத்தேன். கதவுக்குப் பின்னால் பகவதி சிரித்தாள். சம்பந்தம் முறிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு வேறு பெண் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பம்பாய்க்காரனாக மறுபடி போனேன். இந்த முறை விடுவேனா? அவர்கள் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் பரப்பி, வால்வு முதல் முதலாளியின் அடுத்த திட்டம் வரை விளக்கினேன். காப்பி ஆறியது. அவள் அப்பா எழுந்தார்.

"கம்பெனி ரகசியத்தையே இப்பிடி அளக்கவன், வீட்டு ரகசியத்த மண்டைக்காட்டு அம்மன் கொடையில மைக்கு வச்சுல்லா சொல்லுவான்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது பகவதி வெளியே வந்தாள்.

"அப்பா, அன்னைக்கு ஒண்ணுஞ் சொல்லல, இன்னைக்கு எல்லாத்தையுஞ் சொல்லியாச்சு. எத சொல்லணும், எத சொல்லாண்டாம்னு நான் படிச்சுக் குடுத்துக்கிடுதேன்."

கல்யாணம் நடந்தது. ஆனால் அவள் பாடம் பாதிதான் ஏறியது. மாமனார் வீட்டில் பட்டாளத்தானாக வாய்மூடி இருக்கிறேன். ஊர் எல்லையான ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் கம்பெனிக்காரனாகி, பம்பாய்வரை ஓய்வதில்லை. போன முறை பம்பாய் திரும்பும்போது பஸ் சரியாக அந்தக் கணவாயிலேயே பழுதாகி நின்றது. வெளியே ஆளைத் தள்ளும் காற்று. பகவதி என் பக்கம் திரும்பி, "என்னக் கெட்டுனதுல உங்களுக்குச் சந்தோசந்தானா?" என்று கேட்டாள். அவளுக்காக ஏங்கியவன் நான். வாயைத் திறந்தேன். பஸ்ஸின் முன்பாதி கம்பெனிக்காரன் பக்கம், பின்பாதி பட்டாளத்தான் பக்கம். நாங்கள் நடு இருக்கையில்.