வாசலில் மிஞ்சிய சப்பாத்து

எங்கள் குடும்பத்தில் எவரும் கதை கட்டிப் பழகியவர்கள் அல்லர். நான் நில அளவையாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கண்ணால் கண்டதை மட்டுமே தாளில் போட்டுப் பழக்கம். சம்பந்தி கனகசிங்கம் நாங்கள் குடியேறிய ஸ்காபரோ நகரம் முழுவதும் வேறு விதமாகச் சொல்லித் திரிவதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்கள் அஜின்கோர்ட்டில் உள்ள எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பார்க்கலாம்.

1995 மார்கழிக் கடைசி. ஒரு பிறந்தநாள் வீட்டில், என் மகன் வினோதனின் மாமனாரான கனகசிங்கம், சிம்கோ ஏரியில் ஐஸைத் துளைத்து வாளி நிறையப் பேர்ச் மீன் பிடித்த கதையை மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்தேன். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

"சண்முகநாதன் அண்ணைக்கு உதெல்லாம் சரிவராது. அவையள் கடையில வெட்டிக் கழுவித் தாறதைச் சாப்பிடுற ஆக்கள்."

சபை சிரித்தது. என் மகனும் சிரித்தான்.

"வாற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பத்தோட வாங்கோ," என்றேன். "நான் பிடிச்ச மீனில குழம்பு வைச்சுத் தாறன்."

பத்துப் பேருக்கு முன்னால் சொன்ன சொல். இனி மீன் பிடித்தே ஆக வேண்டும்.

சனிக்கிழமை காலை வினோதனும் நானும் ஏரிக்குப் போனோம். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு. ஐஸின் மேல் வைத்திருக்கும் சிறு மரக்குடில்களை வாடகைக்கு விடும் எட்வேட் என்ற வெள்ளைக்காரன், காசை வாங்க முன்னரே எச்சரித்தான். கரைப் பக்கம் ஐஸ் ஐந்து அங்குலம், பயமில்லை. சிவப்புக் கொடிகளுக்கு அப்பால் இரண்டு அங்குலமும் இல்லை. அங்கே கால் வைக்கக் கூடாது. அவனுடைய நான்கு குடில்களும் ஒரே வரிசையில் இருந்தன. எங்களுடையது கடைசி. அதற்குப் பக்கத்திலேயே கொடிகள்.

அந்த நாளைப் போல ஒரு நாள் என் எதிரிக்கும் வரக் கூடாது. குடிலுக்குள் வெட்டிய துளையில் ஐஸ் படரப் படர அகப்பையால் அள்ளி எறிந்தேன். உள்ளே இருந்த சின்ன அடுப்பு சூட்டை விடப் புகையைத்தான் கூடுதலாகத் தந்தது. இரையை மட்டும் தின்றுவிட்டு மீன்கள் போய்விட்டன. பக்கத்துக் குடிலில் ஒருவன் ஒவ்வொரு மீனுக்கும் கூக்குரல் போட்டான். எனக்கு மத்தியானத்துக்குள் கிடைத்தது ஒரேயொரு பேர்ச். என் சுட்டுவிரல் நீளம். அதைத் திருப்பி விட்டேன்.

"அப்பா, போற வழியில கடையில வாங்குவம்," என்றான் வினோதன். "ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"மாமா பகிடிக்குச் சொன்னவர். நீங்கள்தான் உதைத் தூக்கிப் பிடிக்கிறியள்."

நான் தூண்டிலில் புது இரையைக் கோத்தேன். நாலு மணிக்கு அவன் எழுந்தான். "நான் போய்க் காரைச் சூடாக்கிறன். கெதியா வாங்கோ."

மற்றக் குடில்காரர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

அப்போதுதான் கேட்டது.

டப்... டப்... டப்...

ஐஸில் மீன் துள்ளி அடிக்கும் சத்தம். ஒன்றல்ல. நிறைய மீன்கள்.

கதவைத் திறந்தேன். சிவப்புக் கொடிக்கு அப்பால் ஐந்தாவதாக ஒரு குடில் நின்றது. காலையில் நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு வந்தது பயம் அல்ல, எரிச்சல். எங்களைக் கரையோரம் இருத்திவிட்டு நல்ல இடத்தை எட்வேட் வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறான். அப்படியென்றால் கொடி எங்களுக்கு மட்டும்தானா?

கொடியைத் தாண்டி நடந்தேன்.

காலடித் தடம் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அந்தக் குடிலைச் சுற்றிப் பனி அப்படியே கிடந்தது. ஒரு தடமும் இல்லை. கூரைக் குழாயில் புகை இல்லை. கதவுக்கு வெளியே ஒரு சோடிச் சப்பாத்து இருந்தது.

பிரவுண் தோல் சப்பாத்து. பக்கம் பக்கமாக ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. ஒன்றில் நாடாவுக்குப் பதிலாகப் பச்சைத் தூண்டில் நரம்பு கட்டியிருந்தது. ஐஸின் மேல் வந்தும் வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிறவன் எங்கள் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சப்பாத்துக்குள் தண்ணீர் நின்றது.

அந்தக் குளிரிலும் அது உறையவில்லை.

"வாங்கோ அண்ணை." உள்ளே இருந்து ஒரு குரல். "இஞ்ச கனக்கக் கிடக்கு. உள்ளுக்கு வாங்கோ."

கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு கை வாளியை வெளியே தள்ளியது. வாளி நிறையப் பேர்ச். சட்டைக் கையில் இருந்து தண்ணீர் சொட்டியது... சொட்டிக்கொண்டே இருந்தது.

காலுக்குக் கீழே ஐஸ் முனகியது. கிர்ர்ர்...

உள்ளே போக நானும் குனிந்து பூட்சில் கை வைத்தேன். பிறகு நிமிர்ந்தேன். இன்னொருவன் துளையில் பிடித்த மீனைக் கொண்டுபோய், நான் பிடித்தது என்று கனகசிங்கத்துக்குப் போடுவதா?

"வேண்டாம் தம்பி. நான் பிடிச்சதைத்தான் என்ர வீட்டில சமைப்பம்."

ஒரு மனிதன் தந்ததை வாங்காமல் முகத்தில் அடித்ததுபோல் வருவதும் எங்களுக்கு வழக்கம் இல்லை. ஆகவே மரியாதைக்குச் சொன்னேன்.

"நாளைக்கு மத்தியானம் எங்கட வீட்டை வாங்கோ. சாப்பிடுவம்."

"ஓம் அண்ணை. வாறன்."

வீடு எங்கே என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கொடியடிக்குத் திரும்பியபோது வினோதன் ஓடி வந்தான். "அப்பா, அங்கால ஏன் போனனீங்கள்? ஆரோட கதைச்சனீங்கள்?"

"அந்தக் குடில்காரனோட."

அவன் எனக்குப் பின்னால் பார்த்தான். நானும் திரும்பினேன்.

வெறும் பனி. என் காலடித் தடம் மட்டும் போய்... வந்திருந்தது.

ஞாயிறு மத்தியானம் கோழிக் குழம்புதான். "மீன் எங்க அண்ணை? பாவம் பாத்து விட்டிட்டியளோ?" என்று கனகசிங்கம் கேட்டார். சபை மறுபடி சிரித்தது. நான் நிமிர்ந்து இருந்து சாப்பிட்டு முடித்தேன்.

ஐந்து மணிக்கு எல்லோரும் போனார்கள். வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

ஒரு சோடி மிஞ்சியது.

மருமகள் நிலாணி தகப்பனுக்குப் போன் எடுத்தாள். "அப்பா, சப்பாத்தை மாத்திப் போட்டுக்கொண்டு போனீங்களோ?" இல்லை. வந்தவர்கள் எல்லோரும் தங்கள் சப்பாத்துடன்தான் போயிருந்தார்கள்.

பிரவுண் தோல்.

ஒன்றில் பச்சை நரம்பு.

சுற்றிவரத் தண்ணீர்.

வாசலில் இருந்து ஈரக் காலடிகள்... கூடத்தைக் கடந்து... நிலவறைப் படிகளில் இறங்கின.

ஏறி வந்த அடி ஒன்றும் இல்லை.

வினோதன் கீழே போய் எல்லா மூலையும் பார்த்தான். யாரும் இல்லை.

மறுநாள் எட்வேட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். கொடிக்கு அப்பால் யாருக்குக் குடில் கொடுத்தாய் என்று கேட்டேன். அவன் சொன்னான். இரண்டு குளிர்காலத்துக்கு முன், ஐஸ் பிடித்த முதல் கிழமை, உங்கள் ஆள் ஒருவன் சொல்லாமல் குடிலை அங்கே இழுத்துக்கொண்டு போனான். ஐஸ் உடைந்து, குடிலோடு தண்ணீருக்குள் போய்விட்டான். உடைந்த ஐஸின் விளிம்பில் சப்பாத்து மட்டும் ஒழுங்காக வைத்தபடி இருந்தது. அதன் நாடா அறுந்ததற்கு எட்வேட்தான் அன்று காலை பச்சை நரம்பு கொடுத்தவன்.

ஐஸுக்குப் போனவன் ஏன் சப்பாத்தைக் கழற்றினான் என்று பொலிசுக்கு இன்றுவரை விளங்கவில்லையாம்.

எனக்கு விளங்கியது.

ஆள் இன்னும் கிடைக்கவில்லை என்றும் சொன்னான்.

சப்பாத்தை எறியச் சொல்லி வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். நான் விடவில்லை. அழைத்தவன் நான். வந்தவரின் சப்பாத்தை வெளியே எறிகிற வீடு அல்ல இது.

மூன்று வருடமாக வாசலில், ஹீற்றருக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். ஈரம் காயவில்லை.

எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்... வாசலில் சப்பாத்துக் கிடந்தால், ஆள் இன்னும் உள்ளேதான்.