நிலைக்கண்ணாடியோடு மலையேறினோம்

எனக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவி பேசமாட்டாள். கேட்டால் தலையாட்டுவாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் என் அம்மா ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. ஊமைப் பெண்ணைக் கட்டிவைத்துவிட்டார்களோ என்றுகூட ஒரு நாள் சந்தேகப்பட்டேன்.

அவள் பழனி மலைத்தொடரின் மேலே, கொடைக்கானலுக்கும் அப்பால் இருக்கும் ஒரு சின்ன ஊர்க்காரி. பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கிற குடும்பம். தை மாதம் பழனியில் கல்யாணம் முடிந்தது. மாசியில் மறுவீட்டுக்கு அழைத்தார்கள். கொடைரோடு போய், பஸ் ஏறி, கொடைக்கானலில் இறங்கி, அதற்கு மேலும் அரை நாள் நடப்பது ஒரு வழி. நெய்க்காரப்பட்டிப் பக்கம் அடிவாரத்திலிருந்து நேராக ஏறுவது இன்னொரு வழி. அது மலை ஊர்க்காரர்களும் அவர்களுடைய மட்டக்குதிரைகளும் மட்டுமே அறிந்த ஒற்றையடிப் பாதை. அவளுடைய சித்தப்பா உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கக் குதிரையோடு கீழே இறங்கியிருந்தார். அவரோடு ஏறிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். திண்டுக்கல் மலைக்கோட்டையில் மாலைதோறும் ஏறி இறங்குகிறவன் என்ற திமிர் எனக்கு. மற்ற நேரமெல்லாம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற வேலை என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் என் அம்மா ஒரு காரியம் செய்தாள். சம்பந்தி வீட்டில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் கண்ணாடி இருக்கிறது என்று கல்யாணத்தில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. ஆசாரியிடம் சொல்லி, தேக்குச் சட்டம் போட்டு, என் மார்பு உயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி செய்து வைத்துவிட்டாள்.

"மலைக்கு எப்படிம்மா இதத் தூக்கிட்டுப் போறது?" என்றேன்.

"ஏன்டா, மலையில இருந்தா மொகம் பாக்கவேணாமா? அம்புட்டு உசரத்துல பொண்ணெடுத்துட்டு வெறுங்கையோடயா போவ?"

ஜமுக்காளத்தில் சுற்றி, அதற்குமேல் சாக்கைச் சுற்றி, கண்ணாடி எங்களோடு பழனிக்கு ரயிலேறியது. பழனியிலிருந்து மாட்டுவண்டி. அடிவாரத்தில் எங்களுக்காகக் காத்திருந்த சித்தப்பா, வண்டியிலிருந்து இறங்கிய மூட்டையைப் பார்த்தார். பிறகு குதிரையைப் பார்த்தார். குதிரையும் அவரைப் பார்த்தது.

"இதென்னங்க மாப்ள?"

"கண்ணாடிங்க மாமா. எங்கம்மா கொடுத்துவிட்டாங்க."

"கண்ணாடிங்களா!" அவர் செத்த நேரம் தாடையைத் தடவினார். "குதிர மேல கட்டுனா மொதப் பாறையிலயே தூளாயிருமுங்க. ஆளுதான் தூக்கோணும்."

நானே தூக்குகிறேன் என்றேன். புது மாப்பிள்ளை வேறென்ன சொல்வான்? கயிறு போட்டு என் முதுகில் கட்டினார்கள். பீரோவை முதுகில் கட்டிக்கொண்டவன் போல நான் முன்னால் குனிந்து நடந்தேன்.

உண்ணிச்செடிப் புதர்கள் முடியும்வரை சமாளித்தேன். மூங்கில் தொடங்கியதும் மூச்சு வாங்கியது. அப்போதுதான் கவனித்தேன், என் மனைவி முன்னால் போய்விட்டிருந்தாள். எங்கள் வீட்டில் நிலத்தைப் பார்த்து நடந்த பெண் அங்கே சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாறைக்குப் பாறை கால்வைத்துப் போனாள். ஒரு திருப்பத்தில் நின்று, எனக்காகக் காத்திருந்து, முதல்முறையாக அவளாகவே என்னிடம் பேசினாள்.

"ஏனுங்க, வாயை மூடிட்டு மூக்குல மூச்சு வுடுங்க. வாயத் தொறந்தா ஈ போயிரும்."

அந்த வார்த்தைதான் எங்கள் இல்லறத்தின் முதல் உரையாடல் என்று சொல்ல வேண்டும்.

ஓர் ஓடைக்கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். மரங்கள் நெருங்கி, வெயில் காசு காசாக விழுகிற இடம். சாக்கு ஓடைநீரில் நனைந்துவிட்டதால் கட்டை அவிழ்த்து, கண்ணாடியை ஒரு மரத்தில் சாய்த்துவைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். புளிச்சோற்றில் இரண்டு கவளம் உள்ளே போயிருக்கும். கிளை அசைந்தது. கருமந்தி ஒன்று, வாட்டசாட்டமான ஆண், இறங்கி வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றது.

உள்ளேயிருந்த மந்தியும் நின்றது. இது பல்லைக் காட்டியது. அதுவும் காட்டியது. இதற்குக் கோபம் வந்து சட்டென்று கண்ணாடியின் பின்பக்கம் ஓடிப் பார்த்தது. அங்கே யாருமில்லை. திரும்ப முன்னால் வந்தால் ஆள் தயாராக நிற்கிறான். இப்படி முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக் களைத்து, கடைசியில் எதிரே உட்கார்ந்து தலையைச் சொறிந்தது. அதற்குள் மேலேயிருந்து பெண்டாட்டிகளும் பிள்ளைகளும் இறங்கி வந்துவிட்டார்கள்.

சட்டம் ஆட்டம் கண்டது. விழுந்தால் போயிற்று. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? கையைத் தட்டிக்கொண்டு "சூ, சூ" என்று எழுந்தேன். ஆண்மந்தி என் பக்கம் திரும்பி ஓர் உறுமல் உறுமியது. இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது என் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திப் பார்த்தும் அடங்காமல், மரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அவுரு குடும்பத்தோட மொகம் பாக்க வந்திருக்காருங்க. நீங்க எதுக்குக் குறுக்க போறீங்க?"

சித்தப்பா அசையாமல் சோறு தின்றுகொண்டிருந்தார். "அலுத்துப்போனா அதுவே போயிரும் மாப்ள. நாம மட்டும் கண்ணாடியில எம்புட்டு நேரம்தான் பாக்கறோம்?"

நாங்கள் பார்ப்பதைவிட மந்திகள் அதிக நேரம் பார்த்தன. ஒரு குட்டி கண்ணாடியை நக்கியும் பார்த்தது. கடைசியில் குதிரை கனைத்தபோதுதான் எல்லாம் மரமேறின.

மதியம் கழிந்து காடு திடீரென்று முடிந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது போல இருந்தது. எதிரே மடிப்பு மடிப்பாகப் புல்மேடுகள். மாசி வெயிலில் புல் காய்ந்து நெல்லின் நிறத்தில் கிடந்தது. பள்ளங்களில் மட்டும் கறுத்த சோலைகள் ஒடுங்கியிருந்தன. காற்று பேய்க்காற்று. சுகமாக இருக்கிறதே என்று நிமிர்ந்தேன். முதுகிலிருந்த கண்ணாடி காற்றை வாங்கிக்கொண்டு என்னை அப்படியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. வந்த வழியைப் பார்த்து நின்றேன்.

"மாப்ள, ஊரு இந்தப் பக்கம்" என்றார் சித்தப்பா.

அதன்பிறகு கண்ணாடியைப் படுக்கவைத்துத் தூக்குவது என்று முடிவானது. சித்தப்பா குதிரையோடு முன்னால் போனார். முன்முனையை நானும் பின்முனையை என் மனைவியும் பிடித்துக்கொண்டோம். சுற்றிய ஜமுக்காளம் காற்றில் படபடத்து இழுத்ததால் அதையும் எடுத்துக் குதிரைமேல் போட்டாயிற்று. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு துண்டு வானம் கிடந்தது. அதில் மேகம் போயிற்று. ஒரு பருந்துகூடப் போயிற்று.

"எங்க வீட்ல ஏன் நீ பேசவே மாட்டேங்குற?" என்றேன். முன்னால் போகிறவனுக்கு முகம் தெரியாது. அதனால் கேட்கத் தைரியம் வந்தது.

"எங்கீங்க பேசறது? உங்கம்மாவே எனக்குஞ் சேத்துப் பேசிர்றாங்களே."

நான் சிரித்ததில் கண்ணாடி ஆடியது. "மெதுவா, மெதுவா" என்று அதட்டினாள். அதட்டவும் தெரியும் என்று அப்போது அறிந்தேன். அதற்குப் பிறகு அவள் வாய் மூடவில்லை. திண்டுக்கல்லில் வெயில் சுவருக்குள்ளே இருந்து அடிக்கிறது என்றாள். ராத்திரி ரயில் கூவும்போதெல்லாம் யானை என்று நினைத்து விழித்துக்கொள்வதாகச் சொன்னாள். என் மீசை ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றாள். அதைக் கல்யாணத்தன்றே பார்த்துவிட்டாளாம்.

எதிர்மேட்டில் அவள் ஊரின் கூரைகள் தெரிந்தன. நாங்கள் சரிவில் இறங்க இறங்க அங்கே ஏதோ பரபரப்பு. ஆட்கள் ஓடினார்கள். பிறகு ஒரு கூட்டமே பச்சைக் கிளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி இறங்கி ஓடிவந்தது. முன்னால் வந்தவர் என் மாமனார்.

"எங்க? எந்தப் பக்கம்?" என்றார் இரைக்க இரைக்க.

"என்னதுங்க மாமா?"

"நெருப்பு! புல்லுல நெருப்புப் பத்திக்கிச்சுன்னு ஓடியாறோம். பளிச்சு பளிச்சுன்னு அடிச்சுதே!"

சொல்லிக்கொண்டே அவர் பார்வை எங்கள் கைக்கு வந்தது. சூரியன் கண்ணாடியில் பட்டு அவர் முகத்திலேயே அடித்தது. கண் கூசி, கையிலிருந்த கிளையைக் கீழே போட்டார். அணைக்க வந்த நெருப்பு நாங்கள்தான் என்று எல்லோருக்கும் விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு அந்தப் புல்மேட்டில் எழுந்த சிரிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை. கண்ணாடியை எங்களிடமிருந்து வாங்கி, சாமி தூக்குவது போல நாலு பேர் தோளில் வைத்து ஊருக்குள் கொண்டுபோனார்கள்.

முற்றத்தில் நிறுத்தியதும் ஊரே வரிசையில் நின்று பார்த்தது. என் மாமியார் எதிரே வந்து நின்றாள். பாதம்வரை தன்னை அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறாள். முந்தானையைச் சரிசெய்தாள், பக்கவாட்டில் திரும்பினாள்.

"ஏனுங்க, நானு இத்தன குட்டையா?"

"நாஞ் சொன்னப்ப நம்புனியா?" என்றார் மாமனார்.

வீட்டின் கூரை சுவரோரத்தில் இடுப்பளவுக்குச் சரிந்து இறங்கியதால் கண்ணாடியை நிமிர்த்தி வைக்க முடியவில்லை. குறுக்காகப் படுத்தாற்போல் சுவரில் பொருத்தினார்கள். தரையில் உட்கார்ந்தால்தான் முகம் தெரியும். அதுவே சௌகரியம் என்றாள் மாமியார். எனக்கும் சௌகரியம்தான். மறுநாள் காலையில் எழுந்து நிற்க என் கால்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

நாலைந்து நாள் பூண்டுக் குழம்பும் உருளைக்கிழங்கு வெஞ்சனமுமாகப் போயின. புறப்படும்போது மாமனார், "மாப்ளைக்குக் கஷ்டம் வேண்டாமுங்க, கொடைக்கானல் போய் பஸ்ஸுலயே போயிருங்க" என்றார். நான் நடந்தே இறங்குகிறோம் என்றேன். காரணம் கேட்டார். காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம். அவள் புல்மேட்டில் பேசினாள், சோலையில் பேசினாள், ஓடையில் கால் கழுவிக்கொண்டே பேசினாள். அடிவாரத்துத் தென்னந்தோப்புகள் கண்ணில் பட்டதும் நின்று, சேலையை இறக்கிவிட்டு, கூந்தலை முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான், இனி தலையாட்டல்தான் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, இன்னும் ஒரு விசயம் பாக்கி இருக்குது. சொல்லட்டுங்களா?"

பாதையோரப் பாறையில் உட்கார்ந்தோம். அவள் சொல்லி முடிக்கும்வரை நாங்கள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.