ஆளுயரம் வளர்ந்த தேயிலை

எங்கள் அண்ணா காலமானது 2001 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை, விடியற்காலை நாலு ஐம்பதுக்கு. வெளியே சாரல், எதிர்ச்சரிவு தெரியாத மூடுபனி. அஞ்சலிச் சுவரொட்டியில் ஐந்து மணி என்று போட்டது தவறு.

அண்ணா அன்னூருக்குப் பக்கத்தில், மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினான்கு, இளைய தம்பிக்கு இரண்டு. குன்னூரை அடுத்த வெலிங்டனில் ராணுவ ஸ்டோரில் சிவிலியன் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில் என்னை ஆசிரியராக்கினார். தம்பியை இன்ஜினியராக்கி அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றினார். ஓய்வுபெற்றபோது வந்த பணம் முழுவதையும் குன்னூருக்குக் கீழே இரண்டு ஏக்கர் தேயிலையில் போட்டார். என் மனைவி இறந்த பிறகு நானும் அவருடன்தான் இருந்தேன்.

சில வருடம் நன்றாக இருந்தது. பிறகு விலை விழுந்தது. பச்சை இலைக்கு ஃபேக்டரி கொடுத்தது பறிப்புக் கூலிக்கே காணவில்லை. அண்ணா ஆட்களை நிறுத்தினார். பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை கிள்ளினால்தான் தேயிலை இடுப்பளவில் நிற்கும், இல்லாவிட்டால் மரமாகிவிடும். எங்களுடையது மரமாகிக்கொண்டிருந்தது.

மார்ச்சில் கோயம்புத்தூர் டாக்டர், இதயத்தில் மூன்று அடைப்பு, மழைக்கு முன் ஆபரேஷன் ஆகவேண்டும் என்றார். மே மாதம் தம்பி குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அவனிடம் பணம் கேட்பதென்று அண்ணா முடிவுசெய்தார். ஆனால் வந்தவர் நம் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கை நீட்டுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. புறப்படும் நாளில்தான் கேட்கலாம். "அது வரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாது" என்று என்னைக் கட்டிப்போட்டார்.

தம்பி இருபத்தாறு நாள் தங்கினான். அவனைப் பார்க்கவும் வெயிலுக்குத் தப்பவும் கீழிருந்து உறவினர் பதினேழு பேர் வந்து சேர்ந்தார்கள். பெயர்களை இங்கே எழுதவில்லை, படிக்கிறவர்களுக்கே தெரியும். அண்ணி நாள் முழுக்க அடுப்படியில் நின்றார். தேயிலைக்கு நிழலாக நின்ற சில்வர் ஓக் மரங்களில் நாலை விற்று அண்ணா அரிசி வாங்கினார்.

தோட்டத்தைப் பார்க்கப் போன அன்று தம்பி செடிகளுக்குள் நின்று கையை உயர்த்தினான். விரலுக்கு மேல் இலை.

"ஏனுங்ணா, செடி என்ன இந்தப் போடு போட்டிருக்குது! காசாக் காய்க்குதுங்களா?"

பொள்ளாச்சி அத்தை விடுவாரா? "மலையில ஊடு, ஏசி போட்டாப்பல குளுரு, இதுல தேயில வேற. பெரியவனுக்கென்ன, ராசா!"

"மண்ணு அப்படிங்க அத்தை" என்று அண்ணா சிரித்தார்.

ஜூன் முதல் தேதி கார் வாசலுக்கு வந்தது. அண்ணா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தம்பியின் பக்கத்தில் போனார். "கண்ணு, ஒரு சமாச்சாரம்..."

"நானும் ஒண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்ணா" என்றான் தம்பி. "அன்னூர் நெலத்துல உங்க பங்கு. நீங்கதான் இங்க அமோகமா இருக்கறீங்களே. அத எம் பையன் பேருக்கு உட்டுக் குடுத்தீங்கன்னா, அங்க ஒரு ஊடு கட்டிக்குவேன்."

"டேய், அந்தச் செடி..." என்று நான் தொடங்கினேன். அண்ணா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

"அதுக்கென்ன கண்ணு, எழுதிக்கோ."

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"வளைவுல எறங்கறப்ப வாந்தி வரும். எலுமிச்சம்பழம் வெச்சிருக்கறேன், எடுத்துக்க."

ஜூலையில் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வந்தார். வாசல் படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். அடுத்த மாதம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த தம்பி, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"சொல்லத்தான் வந்தாரு. நீ முந்திக்கிட்டே" என்றேன்.

அண்ணாவுக்கு மூச்சுத் திணறியபோது ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்த ஃபேக்டரி டிரைவருக்கும், அண்ணிக்கு இன்றுவரை துணையாக இருக்கும் பக்கத்து வீட்டுப் படகர் குடும்பத்துக்கும் நன்றி. மே மாதம் வந்து தங்கியவர்களுக்கு அண்ணாவே வாசலில் நின்று நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

இந்த நினைவு மலரை அச்சிடத் தம்பி அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பினான். திருப்பி அனுப்பிவிட்டேன். முந்நூறு படிகள், தாள், அட்டை, அண்ணாவின் படத்துக்கான அச்சுக்கட்டை எல்லாம் சேர்த்து என் பென்ஷனிலிருந்து கொடுத்தது ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.