நான் பாதி மட்டும் சொன்ன பழ வாசனை

அம்மாவுக்கு எத்தில் அசிடேட் புதிதல்ல. மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலேறி கும்மிடிப்பூண்டி போய், பிஸ்கட் உறை அச்சடிக்கும் கம்பெனியில் உருளைகளில் ஒட்டிய மையை அதில் நனைத்த துணியால்தான் பல வருடமாகத் துடைக்கிறாள். ‘சால்வென்ட்’ என்பாள். பெயரைச் சொன்னது நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அதே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனியின் ஆய்வகத்தில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறேன்.

இந்த வாடை உடம்புக்கு ஆகாதோ என்று அம்மா ஒருநாள் கேட்டபோது, “பழத்துல கூட இது கொஞ்சம் இருக்கும்மா. நெயில் பாலிஷ் அழிக்கிறதும் இதான். மத்த சால்வென்ட் மாதிரி அவ்ளோ கெட்டது இல்ல” என்றேன். ‘என் மவ சொன்னா’ என்று அம்மா தெருவில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் வேலை முடிந்து ரயில் நிலையத்தில் நிற்கும்போது, காலை ஷிஃப்ட் முடிந்து முன்பே வீட்டுக்குப் போயிருந்த அம்மாவின் போன் வந்தது.

“கதவுக்கு அடிச்ச பெயின்ட் தரையெல்லாம் சொட்டிக் கெடக்குதில்ல? உன் பழத்தண்ணிய ஒரு பாட்டில் எடுத்தாந்து தொடச்சிக்கினு இருக்கேன். சூப்பரா போவுது.”

“ஊட்டுக்குள்ளயா?”

“பின்ன ரோட்டுலயா? கொசு வருதுன்னு ஜன்னல சாத்திட்டேன். கரண்ட் வேற இல்ல, போன்ல சார்ஜ்…”

அவ்வளவுதான். திரும்ப அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். பக்கத்து வீட்டு அக்காவின் நம்பர் என்னிடம் இல்லை.

மீஞ்சூருக்கு அரை மணி நேரம். நான் சொல்லாமல் விட்டதெல்லாம் ரயிலில் நினைவுக்கு வந்தது. உறையும் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும் திரவம் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பரவும். எங்கள் சாமி விளக்கும் தரையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அம்மா விளக்கேற்றாமல் இருந்ததே இல்லை. பொன்னேரியில் வண்டி நின்றபோது மணி ஐந்தே முக்கால்.

ஸ்டேஷனிலிருந்து ஓடினேன். வீடு இருட்டாக இருந்தது. வாசலிலேயே பழ வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே கால் வைத்ததும் பழக்கத்தில் என் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. சுட்டதுபோல இழுத்துக்கொண்டேன்; கரண்ட் வந்தால் சுவிட்சின் ஒரு பொறி போதும். அம்மா விளக்குக்கு முன்னால் குந்தியிருந்தாள். கையில் தீப்பெட்டி.

“யம்மா, கொளுத்தாத!”

“இன்னாடி, இப்பிடிக் கத்துற?”

தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவளை வெளியே இழுத்தேன். மெயினை அணைத்தேன். ஜன்னல்களைத் திறந்து, ஈரத்துணியை வெளியே எறிந்தேன்.

“நீதான பழத்துல இருக்குதுன்ன?”

“சொன்னேன்.”

“நெருப்பு புடிக்கும்னு சொன்னியா?”

“உன் கம்பெனியில சொல்லலையா?”

“தீப்பெட்டி எடுத்தாரக் கூடாதும்பான். வெத்தல பாக்குந்தான் எடுத்தாரக் கூடாதும்பான். எல்லாம் அவன் ரூல்ஸுன்னு நெனச்சேன்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தவள், பாதியிலேயே நிறுத்தினாள்.

“அய்யய்யோ. மீதிய பக்கத்து ஊட்டு அக்காவுக்குக் குடுத்தனேடி. பீரோவுல ஒட்டுன ஸ்டிக்கர எடுக்கணும்னு கேட்டா.”

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அந்த அக்கா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். எரியும் அடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேடைமேல் அம்மா கொடுத்த தண்ணீர் பாட்டில். நல்லவேளை, மூடி திறக்கவில்லை. முதலில் அடுப்பை அணைத்தேன். மெழுகுவர்த்தியை ஊதினேன். இருட்டில் பாட்டிலைத் தடவி எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

“இன்னா பாப்பா, டீ கொதிக்கிறப்ப அடுப்ப அணைச்சிட்ட?” என்றாள் அக்கா. “பழத்துல எடுக்கிறதுதான அது? நீதான் சொன்னியாமே?”

“பாதிதான்க்கா சொன்னேன்” என்றேன். “வெளிய வா, மீதிய சொல்றேன்.”

வாசலை நோக்கி நடக்கையில் பாட்டிலுக்குள் அது சளசளத்தது.